பழைய ஃபைபரைப் பிடுங்கியவன்

"மலருக்கு ஏதாவது எழுதுடா" என்று நண்பர்கள் கேட்டபோது கவிதை எழுதத்தான் நினைத்தேன். ஆனால் நம் வகுப்பிலேயே கவிஞர்கள் ஒரு பெஞ்சு நிறைய இருக்கிறார்கள். ஆகவே, பயிற்சிக்குப் போன இடத்தில் நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தை எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் அடிக்க வர வேண்டாம்!

எனக்குச் சொந்த ஊர் போடி. அம்மா ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர். விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, கேரளத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புவார். நான் பயிற்சிக்குப் போனது மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய கல்வி வளாகம். பெயர் வேண்டாம்.

அங்கே நாம் லேபில் செய்வதுபோல ஒவ்வொரு ஸ்விட்சாகக் கன்சோல் கேபிள் செருகிக் கட்டளை அடிப்பதில்லை. கேட்டலிஸ்ட் சென்டர் என்று சிஸ்கோவின் கன்ட்ரோலர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது (முன்பு டி.என்.ஏ. சென்டர் என்று பெயர்). புது ஸ்விட்சை ஃபைபரில் மாட்டினால், அதுவே முகவரி கொடுத்து, மேல் ஸ்விட்சோடு ஐஎஸ்-ஐஎஸ் ரூட்டிங் பேச வைத்து, தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். இதற்கு லேன் ஆட்டோமேஷன் என்று பெயர். ஒவ்வொரு அப்லிங்க்குக்கும் ஒரு ஜோடி முகவரி. மாணவர்களின் டேட்டா இந்தப் பாதையின் மேல் விஎக்ஸ்லேன் என்ற உறைக்குள் போகிறது. ஜீப்பில் போகிறவர்களுக்கு டிரைவரைத் தெரியும். ரோட்டுக்கு அடியில் இருக்கிற கல்லைத் தெரியாது. அப்லிங்க் அந்தக் கல்.

விடுதிக் கட்டிடத்து ஸ்விட்சுக்கு 1 கிகா அப்லிங்க்கை 10 கிகாவாக மாற்ற வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் சாப்பிடப் போகும்போது சொன்னார்: "புது ஃபைபர காலிப் போர்ட்ல மாட்டு. கன்ட்ரோலர்ல லிங்க்க சேரு. நெய்பர் வந்துருச்சான்னு பாரு. அப்புறமா பழச அதுலயே டெலீட் பண்ணு. பழைய ஃபைபர கடைசியாத் தொடு."

ஒரு கம்பி மாற்ற இத்தனை சடங்கா என்று எனக்குத் தோன்றியது. பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை மாட்டினேன். போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் அந்தப் போர்ட்டுக்கு முகவரியும் இல்லை, ரூட்டிங்கும் இல்லை. இருந்த ஒரே வழியையும் நானே பிடுங்கிவிட்டதால் கன்ட்ரோலருக்கும் அந்த ஸ்விட்ச் எட்டவில்லை. விடுதியில் கூச்சல் கிளம்பியது. வேர்த்துக் கொட்ட, கன்சோல் கேபிளை எடுத்து, முகவரித் தொகுப்பில் காலி மாதிரித் தெரிந்த இரண்டு எண்களை நானே எடுத்து இரண்டு பக்கமும் அடித்தேன். இருபது நிமிடத்தில் எல்லாம் சரி.

"என்னப்பா, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுண்ணே."

பொய் இல்லையே! ஆனால் கன்ட்ரோலரின் கணக்கில் அந்த இரண்டு எண்களும் இன்னும் காலிதான்.

மூன்று வாரம் கழித்து, புதிய கணினிக் கூடத்துக்கு ஒரு ஸ்விட்ச். மறுநாள் காலை 9 மணிக்கு அங்கே ஆன்லைன் தேர்வு. கன்ட்ரோலர் தன் கணக்கைப் பார்த்து அடுத்த காலி ஜோடியை எடுத்தது. என் ஜோடி! மேல் ஸ்விட்ச் ஒரே வரியில் மறுத்துவிட்டது: இந்த முகவரி ஏற்கெனவே வேறு போர்ட்டில் இருக்கிறது. இரவு மணி 11. அண்ணன் அந்த வரியைக் கவனிக்கவில்லை. ஃபைபர் முனையைத் துடைத்தார், மாட்யூலை மாற்றினார். நான் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்த வரியை நான் படித்துவிட்டேன்.

அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. பயிற்சி முடிந்ததும் ஒருவரைச் சம்பளத்துக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அது எனக்கு வந்தால் அம்மா ஜீப் ஏற வேண்டாம். அந்த ஒரே கணக்குதான் மனதில் ஓடியது.

கடைசியில் அண்ணனே படித்தார். "இந்தப் போர்ட் ஹாஸ்டலுக்கில்ல போகுது?" அதற்குமேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

திட்டவில்லை. "நீ போடிக்காரன்தான? உங்க ஊர் ரயில் கதை தெரியுமில்ல?" என்றார். தெரியாமலா! 1928-இல் வந்த மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக்க 2010 இறுதியில் நிறுத்தினார்கள். மறுபடி போடிக்கு ரயில் வந்தது 2023 ஜூன் 15. என் பள்ளிப் படிப்பு முழுக்க எங்கள் ஸ்டேஷனில் ரயிலே கிடையாது.

"அவங்களுக்கு அதே தடத்துலதான் புதுசு போட்டாகணும். அதனால நிறுத்துனாங்க. உனக்குப் பக்கத்துலயே காலிப் போர்ட் இருந்துச்சேடா!"

பழைய விடுதி ஃபைபர் நல்லவேளையாக ரேக்கின் ஓரத்தில் சுருண்டே கிடந்தது. அதைப் பழைய போர்ட்டில் மாட்டி, அந்த வழி வந்ததைப் பார்த்த பிறகு, நான் கையால் அடித்த வரிகளை அழித்தோம். கணினிக் கூடத்து ஸ்விட்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால். பிறகு விடுதியின் புது லிங்க்கைக் கன்ட்ரோலரிலேயே சேர்த்தோம். அது தன் ஜோடியைத் தானே எடுத்தது, நெய்பர் வந்தது, பழையதை அதிலேயே டெலீட் செய்தோம். நடுவில் பிங் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பதில்கூடத் தவறவில்லை. பழைய ஃபைபரை அப்புறம்தான் கழற்றினேன்.

விடியப்போகிற நேரம் அம்மாவுக்குப் போன் செய்தேன். ஜீப் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டியாய்யா?"

"சாப்பிட்டேம்மா. அந்த வேலை எனக்கு வராதும்மா, நெனைக்காத" என்றேன். என்னமோ சொன்னார், காதில் விழவில்லை. ஜீப் முந்தலைத் தாண்டியிருக்கும், டவர் போய்விட்டது.

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)