கதிரைப் பெருமை

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. இதில் சம்பள ஆசையோடு கதிரை ஆசையும் கலந்திருக்கிறது என்பது நம் எண்ணம். செம்மண் தறையில் வெயிலில் நின்று மண்வெட்டி பிடித்த தந்தை, தம் மகனாவது நிழலில் அமர்ந்து பேனை பிடிக்கட்டும் என்று விரும்பினார். அவ்விருப்பத்தைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை.

ஆயினும், அமர்ந்திருத்தலுக்கும் ஒரு விலை உண்டு. ஜெரி மொறிஸ் என்னும் பிரித்தானிய வைத்தியரும் அவர் குழுவினரும் இலண்டன் மாநகரின் இரட்டைத் தட்டு பஸ் வண்டிகளில் தொழில் புரிந்தோரை ஆராய்ந்து, 1953 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அமர்ந்தே வண்டியோட்டிய சாரதிகளிலும் பார்க்க, படியேறி இறங்கிச் சீட்டு வழங்கிய கொண்டக்டர்மாரிடையே இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. நடந்து கடிதம் வழங்கிய தபாற்சேவகருக்கும் கந்தோரில் இருந்து பணியாற்றியோருக்கும் இடையே இத்தகைய வேறுபாடே தென்பட்டது.

அண்மையில், நம்மிடம் முன்னர் பயின்ற இலிகிதர் ஒருவர் வந்திருந்தார். வயது முப்பத்தெட்டு, நீரிழிவு கண்டிருந்தது. "இடைக்கிடை எழும்பி நடக்கச் சொல்கிறார் வைத்தியர். எழும்பினால், வேலையில்லாமல் திரிகிறான் என்கிறார் மேலதிகாரி. நான் என்ன செய்வது, சேர்?" என்றார்.

அக்கேள்வி நம்மை உறுத்திற்று. கதிரையில் இருப்பவனே உழைப்பவன் என்னும் எண்ணமன்றோ அவரைக் கட்டிப்போட்டிருக்கிறது!

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வைத்தியசாலைகளின் அலுவலக ஊழியர்க்கு, உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய மேசைகளையும் ஆலோசனைகளையும் வழங்கி ஓர் ஆய்வு நடத்தினர். ஓராண்டின் பின், அவர்கள் வேலை நாளில் அமரும் நேரம், அவ்வுதவி பெறாதோரோடு ஒப்பிடுகையில், 80 நிமிடத்துக்கு மேல் குறைந்திருந்தது. அவ்வாய்வு வெளிவந்தது 2018 இல்.

அத்தகைய மேசைகளை வாங்க நம் கந்தோர்களுக்கு வசதி இல்லாதிருக்கலாம். பாடசாலையில் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறது. கந்தோரிலும் அவ்வாறு எழுந்தால் என்ன? கோப்பைத் தாமே எடுத்துச் செல்லலாம். தொலைபேசியில் நின்றபடி பேசலாம். அடுத்த அறையிலுள்ளவரை நடந்து சென்று காணலாம். நாள் முழுவதும் நிற்பதும் நன்றன்று. அதைக் கரும்பலகை முன் நிற்கும் நம் கால்கள் நன்கறியும். இருத்தலும் எழுதலும் மாறி மாறி வருவதே வேண்டப்படுவது.

இவற்றுக்குப் பணச்செலவு இல்லை. ஆனால், மேலதிகாரி முதலில் எழ வேண்டும். அவர் எழுந்து நடந்தால், இலிகிதர் எழுவதை யாரும் சோம்பல் என்று சொல்லார்.