கித்தாக் காட்டில் ஒரு கித்தார்

சிரம்பானிலிருந்து ரந்தாவ் போகும் சாலையில் இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனைதான். இடையிடையே தாமான் வீடுகள். நான் சிறுவனாக இருந்தபோது இதெல்லாம் கித்தா மரக் காடு. சென்ற மாதம் அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். கித்தா மரம் பார்க்க அல்ல, கித்தார் பார்க்க!

என் அக்காள் மகனுக்கு மின்சாரக் கித்தார் மேல் ஆசை. பளபளக்கும் புதுக் கித்தார் ஒன்றைத் தவணையில் எடுக்க இருந்தான். விலை 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளமே அவ்வளவுதான்.

"கடை வாசலைத் தாண்டினதும் விலை இறங்கிடும்டா. நல்ல பழசா வாங்கினா, அவசரத்துக்கு வித்தாலும் போட்ட காசு பெரும்பாலும் திரும்பும்" என்று சொல்லி அவனை அழைத்துப் போனேன்.

லயத்து வீட்டின் முன்வாசலில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். வயது எண்பதை நெருங்குகிறது. பழைய சேலையில் சுற்றி வைத்திருந்த கித்தாரை எடுத்து வந்து காட்டினார். ஜப்பானில் செய்த குயாத்தோன். 1960களில் வாங்கியது.

1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூருக்கு வந்து வாசித்தார்கள். அதன் பிறகு மலாயா முழுவதும் இளைஞர்களுக்குக் கித்தார்ப் பித்துப் பிடித்தது. மலாய்ப் பிள்ளைகள் 'பாப் யே யே' என்று பாடினார்கள். நம் பிள்ளைகள் அதே கித்தாரில் தமிழ்ப் படப் பாட்டு வாசித்தார்கள்.

"காலையில உளி பிடிச்ச கை, ராத்திரி கலியாண வீட்டுல இதைப் பிடிக்கும். தோட்டத்து ஜெனரேட்டரை பத்து மணிக்கு நிறுத்திடுவாங்க. பாட்டும் பாதியில நிக்கும்" என்று சிரித்தார் பெரியவர்.

ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வினே, 1959இல் அமெரிக்க ஃபெண்டர் கித்தார் கைக்கு வருமுன், குயாத்தோன் ஆலையில் செய்த கித்தாரைத்தான் வாசித்தார். அதைச் சொன்னதும் பெரியவர் முகம் மலர்ந்தது.

வாசகர்களே, பழையது எல்லாமே விலை போகாது. யார் செய்தது, எந்த ஆண்டு, எவ்வளவு மாறாமல் இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தே விலை. ஃபெண்டர் நிறுவனத்தின் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' 1954இல் வந்தது. 1965இல் நிறுவனம் சி.பி.எஸ். என்ற பெரிய கம்பெனிக்குக் கைமாறியது. அதற்கு முன் செய்தவற்றுக்குத்தான் இன்றும் தனி மதிப்பு. அவை நம் கைக்கு எட்டாது. ஆனால் 1982 முதல் ஃபெண்டர் பெயரிலேயே ஜப்பானில் செய்தார்கள். அந்தத் தொடக்க ஆண்டுக் கித்தார்களையும் பலர் தேடி வாங்குகிறார்கள்.

வாங்கும்போது கழுத்தைக் கண்ணருகே பிடித்து, குறி பார்ப்பதுபோல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் மரம் வளையும். வீணைக்கு இருப்பதுபோன்ற மெட்டுகள் தேய்ந்திருக்கின்றனவா, முறுக்காணிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். ஒலிபெருக்கியில் பொருத்தி வாசித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மேலே கீறல் இருந்தால் கவலை இல்லை. புதுச் சாயம் பூசியிருந்தால்தான் கவலை. அரிய கித்தாரானால் அதிலேயே ஏறக்குறையப் பாதி விலை போய்விடும் என்பது வியாபாரிகள் கணக்கு.

இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியவர் திடுக்கிட்டார். "நல்ல வேளை! நாளைக்குத்தான் சிவப்புச் சாயம் அடிக்கலாம்னு டின் வாங்கி வெச்சிருக்கேன்" என்றார்.

பேத்தியின் கல்லூரிச் செலவுக்காகத்தான் விற்கிறார். ஒரு வியாபாரி முந்நூறு வெள்ளிக்குக் கேட்டிருக்கிறான். "நீங்க அதையே கொடுங்க, போதும்" என்றார்.

நான் பையனைப் பார்த்தேன். அவன் கையில் ஐந்நூறு வெள்ளி இருந்தது. கித்தாரை மெதுவாகச் சேலைமேல் வைத்தான்.

"வேண்டாம் தாத்தா. இது முந்நூறுக்குப் போற பொருள் இல்லே. ரெண்டு மூணு கடையில காட்டி விலை கேளுங்க. அந்த விலையை நான் மாசா மாசம் கொடுத்துடுறேன்."

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. கித்தாரை எடுத்து மடியில் வைத்து, துருப்பிடித்த கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்தார். மின்சாரம் இணைக்காததால் ஓசை மெல்லியதாகத்தான் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் முறத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார். "அண்ணே, எங்க கலியாணத்துல வாசிச்சீங்களே, அதுதானே?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் கோலாலம்பூரில் இரண்டு கடைகளில் காட்டினோம். இரண்டு இடத்திலும் முந்நூறைவிடப் பல மடங்கு சொன்னார்கள். பையன் மாதம் இருநூறு வெள்ளி கட்டி வருகிறான். முதல் தவணையில் பேத்திக்குப் புத்தகம் வாங்கியதாகச் செய்தி வந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். சாயம் அடிக்காதீர்கள். உடைந்த ஆணியைக்கூட எறியாதீர்கள். நாலு இடத்தில் விசாரிக்காமல் விற்காதீர்கள்.