பார்த்துட்டுத் திருப்பிக் குடுங்க

மாமா காலமாகி மூன்று மாதம் கழித்து, சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் அவருடைய அலமாரியை ஒழித்தபோது அந்தக் கேசட் கிடைத்தது. பழைய வேட்டி ஒன்றின் மடிப்புக்குள் சுற்றி வைத்திருந்தார். கறுப்பு விஎச்எஸ் கேசட். முதுகில் ஒட்டியிருந்த தாளில் நீல மையில் ‘ஒளியும் ஒலியும் – 4’ என்று இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், ‘பார்த்துட்டுத் திருப்பிக் குடுங்க.’

“இது மாமா கையெழுத்து இல்லையே அத்தை?”

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இல்லதான். யார்கிட்டயோ வாங்கிட்டு வந்து குடுக்காமலே விட்டுட்டாரு. கடன் வச்சிட்டுப் போகக் கூடாதுப்பா. யாருதுன்னு விசாரிச்சு நீயே குடுத்துடு.”

அது 2017 மே மாதம். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் வேலை என்றுதான் நினைத்தேன்.

மாமா 1981-இல் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து செம்பவாங்கில் கப்பல் பட்டறை வேலைக்கு வந்தவர். வந்த சில மாதத்தில் சிங்கப்பூர் தன் அரை மணி நேரத்தைப் பறித்துக்கொண்டது என்று வேடிக்கையாகச் சொல்வார். விஷயம் உண்மைதான். 1982 ஜனவரி 1 அன்று மலேசியா தன் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வைத்தபோது சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதுவரை இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம், அன்றிலிருந்து இரண்டரை. ஊரில் இரவு எட்டரை என்றால் இங்கே பதினொன்று. காலை ஷிஃப்டுக்குப் போகிறவனுக்கு அந்த அரை மணி பெரிது.

அவரோடு வேலை செய்தவர்களில் இங்கேயே தங்கிவிட்ட மூன்று பேரைப் பார்த்தேன். கையெழுத்து யாருக்கும் பிடிபடவில்லை. “கேசட்டுக்கு ஏதுய்யா சொந்தக்காரன்? ஊருக்குப் போய் வர்றவன் கொண்டாருவான். ஒரு ரூமுக்கு வந்தா பத்து ரூம் சுத்தும்” என்றார் ஒருவர். தேடல் அங்கேதான் திசை மாறியது. கேசட் யாருடையது என்பதைவிட, கேசட் எதற்குத் தேவைப்பட்டது என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. துபாயில் இருக்கும் பெரியப்பா மகன் மொட்டை மாடியில் டிஷ் வைத்து ஊர்ச் சேனல் எல்லாம் பார்த்தான். வெளிநாட்டுத் தமிழன் என்றால் எல்லோரும் அப்படித்தான் என்பது என் எண்ணம்.

ஈசூன் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும்போது அன்று முதல் முறையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் முதுகில் துணி காயப்போடும் மூங்கில் கழிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு டிஷ்கூட இல்லை. அடுத்த ஞாயிறு வூட்லண்ட்ஸ் கடற்பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாரு போனேன். அங்கே தரைவீடுகளின் கூரைக்குக் கூரை ஆஸ்ட்ரோ தட்டு. இடையில் இருப்பது ஒரு கிலோமீட்டர் சொச்சம் தண்ணீர்தான்.

காரணம் சட்டம். சிங்கப்பூரில் தனிவீட்டில் செயற்கைக்கோள் டிஷ் வைக்க அனுமதி இல்லை. வங்கிகள், தூதரகங்கள், ஹோட்டல்கள் போன்ற இடங்களுக்கு மட்டும் உரிமம் தருவார்கள். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்கள் எல்லாம் நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் வரிசை கட்டுகின்றன. சிங்கப்பூர் அந்தக் கோட்டுக்கு ஒன்றேகால் பாகைதான் வடக்கே. 1990 ஏப்ரலில் மேலே போய், ஸ்டார் டிவியையும் பிறகு ஜீ டிவியையும் ஆசியா முழுக்க இறைத்த ஆசியாசாட் 1 நின்ற இடம் கிழக்கு 105.5 பாகை. சிங்கப்பூர் இருப்பது 103.8-இல். லண்டன்காரர் டிஷ்ஷைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். சென்னைக்காரர் தெற்கே பார்த்து வைக்க வேண்டும். சிங்கப்பூரில் சோற்றுத் தட்டு போல மல்லாக்க வைத்தால் போதும், மழைத் தண்ணீர் தேங்குமே என்ற கவலையைத் தவிர வேறில்லை. உச்சந்தலைக்கு மேலேயே ஊர்வலம் போகிறது, நிமிர்ந்து பார்க்கத்தான் அனுமதி இல்லை.

அந்த ஆசியாசாட்டுக்கு ஒரு பூர்வ ஜென்மக் கதை உண்டு. வெஸ்டார் 6 என்ற பெயரில் அமெரிக்காவுக்காக 1984 பிப்ரவரியில் மேலே போனது. மோட்டார் சொதப்பியதால் உரிய உயரத்துக்கு ஏற முடியாமல் தவித்தது. அதே ஆண்டு நவம்பரில் டிஸ்கவரி விண்கலத்தில் போனவர்கள் அதைக் கையால் பிடித்துப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். கைமாறி, பழுது பார்க்கப்பட்டு, சீன ராக்கெட்டில் மறுபடி ஏறியது. வானத்திலிருந்து கொட்டிய அந்தத் தொலைக்காட்சிகூட ஒரு முறை மனிதர் கைக்குள் வந்து போனதுதான் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

டிஷ் இல்லையென்றால் கம்பி. சிங்கப்பூர் கேபிள் விஷன் 1992-இல் மூன்று கட்டணச் சேனல்களோடு தொடங்கியது. 1995-இல் தெம்பனிஸ் வட்டாரத்தில் கம்பி இழுக்க ஆரம்பித்து 1999-க்குள் தீவு முழுக்க இழுத்து முடித்தது. 2002-இல் ஸ்டார்ஹப்போடு இணைந்தது. சன் டிவியும் விஜய் டிவியும் இங்குள்ள வீடுகளுக்குள் வந்தது இப்படிக் கம்பி வழியாகத்தான். வேறு யாரோ பெரிய தட்டு வைத்து வாங்கி, வடிகட்டி, மாதச் சந்தாவுக்கு ஊற்றினார்கள்.

“அதுக்கு முன்னாடி தமிழே வரலையா?” என்று அத்தையைக் கேட்டது தப்பாகப் போயிற்று. அத்தை இங்கேயே பிறந்து வளர்ந்தவர். “ஏன் வரல? டிவி வந்த நாள்லேர்ந்து தமிழ் வந்துச்சு. செய்தி, நாடகம், படம் எல்லாம். உன் மாமாதான் அது ‘உங்க டிவி’ம்பாரு.” அத்தை சொன்னது சரி. 1963-இல் சிங்கப்பூர்த் தொலைக்காட்சி தொடங்கியபோதே நான்கு மொழிகளில் தமிழும் ஒன்று. 1995-இல் பிரைம் 12 வந்தது, 2000-இல் வசந்தம் சென்ட்ரல், 2008 அக்டோபரிலிருந்து வசந்தம் தனி ஒளிவழி. ஒரே கூடத்தில், ஒரே சோபாவில், ஒரே மொழியில் அத்தைக்கு ஒரு ஊர், மாமாவுக்கு ஒரு ஊர். மாமாவுக்கு வேண்டியிருந்தது தமிழ் அல்ல, அது இங்கே தாராளமாகக் கிடைத்தது. அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஊர்.

தேக்காவில் டன்லப் ஸ்திரீட் பக்கம் ஒரு காலத்தில் கேசட் வாடகைக் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். இப்போது கைபேசி உறையும் டாப்-அப் அட்டையும் விற்கிறார். கேசட்டைக் கையில் வாங்கியதும் மூடியை விரலால் திறந்து நாடாவை வெளிச்சத்தில் பார்த்தார். “பூஞ்சை பிடிச்சிருக்கு தம்பி. இந்த ஊர்க் காத்துக்கு எல்லாம் பிடிக்கும். ஆனா ஓடும்.”

அவர் சொன்ன கணக்கு நேரானது. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் டிவி முறை ஒன்றே, பால். சென்னையில் பதிவு செய்த கேசட் இங்கே அப்படியே ஓடும். அமெரிக்காவில் இருக்கிறவன் போட்டால் வெறும் கோடுதான் வரும், அங்கே முறை வேறு. அதனால் இங்கே வந்த யார் பெட்டியிலும் ஊறுகாய்க்கும் வேட்டிக்கும் நடுவில் ஒரு கேசட்டுக்கு இடம் இருந்தது. சினிமாப் படம் கடையில் இரண்டு மூன்று வெள்ளிக்கு வாடகைக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை மாலை சென்னைத் தொலைக்காட்சியில் வரும் ‘ஒளியும் ஒலியும்’ மாதிரிச் சமாச்சாரங்களுக்குக் கடை இல்லை. “அது யாராச்சும் வீட்ல உக்காந்து, பட்டனை அமுக்கி, நமக்காக எடுத்து அனுப்புறது. விலை கிடையாது. திருப்பிக் குடுத்தா அதுலயே அடுத்தது எடுப்பாங்க. அதான் அப்படி எழுதிருக்கு.”

கிளம்பும்போது ஒன்று சொன்னார். “பூமாலை ஞாபகம் இருக்கா?” எனக்கு இல்லை, பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1990-இல் கலாநிதி மாறன் கேசட்டில் கொண்டுவந்த வீடியோ மாத இதழ் ‘பூமாலை’. அதே மனிதர்தான் 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவியைத் தொடங்கினார். செயற்கைக்கோளின் வேரைத் தோண்டப் போனவனுக்கு அடியில் அகப்பட்டதும் ஒரு கேசட்தான்.

அது ஞாயிற்றுக்கிழமை. ரேஸ் கோர்ஸ் ரோடு ஓரத் திடலில் விடுமுறைக்கு வந்திருந்த தொழிலாளர்கள் புல்லில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு திரை. சிம் லிம் ஸ்கொயரில் வாங்கிய பெட்டியில் இலவசமாக எல்லாச் சேனலும் வருகிறது என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார். அத்தகைய பெட்டிகளை விற்பதைத் தடுக்கும் புதிய காப்புரிமைச் சட்டம் 2021 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பக்கத்தில் மன்னார்குடிக்காரர் ஒருவர் பாட்டையும் பார்க்கவில்லை, சீரியலையும் பார்க்கவில்லை. செய்தியை ஓட்டி ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினார். என்ன பார்க்கிறீர்கள் என்றேன். “ஜூன் பன்னெண்டுக்கு மேட்டூர்ல தண்ணி திறப்பாங்களா மாட்டாங்களான்னுதாண்ணே. இந்த வருஷமும் இல்லங்கிறாங்க.” அவர் பயந்தபடியே ஆயிற்று. அந்த ஆண்டு அணை திறந்தது அக்டோபரில்.

கேசட்டைப் போட்டுப் பார்க்க ஒரு டெக்குக்காக சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குப் போனேன். ஜூலை 10-ஆம் தேதியோடு சந்தையே மூடப்படப் போகிறது என்பதால் வியாபாரிகள் கேட்ட விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சீனத் தாத்தா இருபது வெள்ளிக்கு ஒரு டெக் கொடுத்து, தலையை ஆட்டி, ஓடாவிட்டால் வராதே என்று கையைக் காட்டினார். ஓடியது.

அத்தையும் நானும் கூடத்தில் உட்கார்ந்தோம்.

பாட்டுக்கு நடுவே வரும் விளம்பரம் ஒவ்வொன்றையும் எடுத்தவர் வெட்டியிருந்தார். விளம்பரம் தொடங்கி ஓர் இமைப்பொழுதில் படம் துள்ளும், அடுத்த பாட்டு. டெக்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கண் கொட்டாமல் எடுத்திருக்கிறார். நாடா அவருக்குக் காசு, ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர், பாட்டுக்கு முன்னால் செய்தியின் கடைசிப் பகுதியை மட்டும் முழுசாக விட்டுவைத்திருந்தார். வாசிப்பவர் நிதானமாகச் சொல்கிறார்: மேட்டூர் அணையின் இன்றைய நீர்மட்டம். எண் வரும் இடத்தில் திரை கிழிந்து, வெள்ளைக் கோடுகள் ஓடி, குரல் கரகரத்து மறைந்தது. பூஞ்சை.

மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். எண் கேட்கவில்லை. ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இந்தக் கேசட் கைக்கு வந்து சேரும்போது அந்த நீர்மட்டம் சில வாரப் பழசாகியிருக்கும். யாருக்கும் உதவாத எண். உதவாது என்று தெரிந்தும் அதை வெட்ட மனம் வராதவன் எந்தப் பக்கத்து ஆள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சென்னையில் உட்கார்ந்து எடுத்திருக்கலாம். வயல் தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்திருக்கும்.

“யாருதுன்னு தெரிஞ்சுதா?” என்றார் அத்தை.

“பேரு தெரியல அத்தை. மாமா ஊர்ப் பக்கத்து ஆளுதான்.”

கொஞ்ச நேரம் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டுக்கோட்டைக்கு வாழ்நாளில் நான்கு தடவை போயிருப்பார்.

“தண்ணி எத்தனை அடின்னு சொன்னான்?”

“கேக்கல. பூஞ்சை தின்னுடுச்சு.”

“அப்ப நெறஞ்சுதான் இருந்திருக்கும்” என்றார் அத்தை. “அதான் இதை மட்டும் திருப்பிக் குடுக்காம வச்சிருந்திருக்காரு.”