திருக்காவலூரில் ஒரு நாள்

உருவத்தை வணங்குவது பாவம் என்று ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள் நாம். தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பம். சீகன்பால்கு 1706இல் கப்பலிலிருந்து இறங்கிய கரை எங்கள் கரை, 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிய மண் எங்கள் மண் என்று வீட்டுப் பெரியவர்கள் பெருமை பேசுவர். கல்லூரியிலே பகுத்தறிவுக் கருத்துகளைக் கற்றோம், ஜெபம் விட்டுப்போயிற்று. ஆயினும், சிலைக்கு மாலை சூட்டுவோரைக் கண்டால் உதட்டோரம் எழும் ஏளன நகை மட்டும் போகவில்லை. அது பகுத்தறிவு தந்த நகை என்றே எண்ணியிருந்தோம்!

இப்போது பெரம்பலூரில் ஆசிரியப் பணி. உடன் பணியாற்றும் கத்தோலிக்க நண்பர், தம் அன்னையாருடன் ஏலாக்குறிச்சிக்குப் புறப்பட்டபோது எம்மையும் அழைத்தார். இசைந்தோம், மாதாவுக்காக அன்று, வீரமாமுனிவருக்காக.

அரியலூர் மாவட்டத்தின் தென்கோடியில், கொள்ளிடத்துக்கு வடக்கே அமைந்தது அடைக்கல மாதா ஆலயம். அவ்வூரைத் திருக்காவலூர் என்று பாடினார் முனிவர், கலம்பகமும் இயற்றினார். 1680இல் இத்தாலியில் பிறந்தவர், வந்த மண்ணின் மொழியில் 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைத் தந்தார், சதுரகராதி தொகுத்தார். எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் குழம்பிக் கிடந்ததைக் கண்டு எழுத்தைத் திருத்தினார். எழுத்தும் மனிதன் செய்ததுதானே, மாற்றினால் என்ன என்ற துணிவு! 1935இல் பெரியார் தம் குடியரசு ஏட்டில் காட்டியதும் அதே துணிவு. அரசு அதை ஏற்க 1978 ஆயிற்று. 1968இல் சென்னைக் கடற்கரையில் முனிவருக்குச் சிலை எழுந்தது, தமிழுக்காக.

அரியலூர் மழவராயரின் பிளவை நோயை அவர் தீர்த்தார், நிலம் பெற்றார் என்பது தலத்துக் கதை. மாதாவின் அருள் என்பர் பக்தர். மருந்தறிந்தவர் என்போம் நாம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. தரங்கம்பாடியாரைச் சாடி, 'லுத்தேரினத்தியல்பு' என்றே நூல் எழுதியவர் இவர். எம் முன்னோரைத் திட்டியவரின் வாயிலில் நின்றுகொண்டிருந்தோம்!

உள்ளே பட்டாடை, முடி, மெழுகுவர்த்திப் புகை, கம்பியில் கட்டிய சிறு தொட்டில்கள். நகை எழுந்தது. நண்பரின் அன்னையார் அதைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, உங்க கோயில்லே சிலை கிடையாதாமே?"

"கிடையாது, அம்மா."

"சரி. எங்க தெரு ஆளுங்க வந்தா முன்னாலே உட்காரலாமா?"

உட்காரலாம் என்றோம். குரலில் உறுதியில்லை. அவர் தொடர்ந்தார்: "எங்க ஊர் மாதா தேர் எங்க தெருவுக்கு வராது, தம்பி. மத்த தெருவெல்லாம் சுத்தும், எங்க முனையிலே திரும்பிடும். அதனாலேதான் இவ்வளவு தூரம் வர்றேன். இங்கே தெருவை யாரும் கேக்கறதில்லே."

என்ன விடை சொல்வது? கத்தோலிக்கர் கணக்கு நமக்குத் தெரியும். வடக்கன்குளத்துக் கோயிலுக்குள்ளே சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிந்தது. நம் கணக்கு? சிலையில்லாத வெள்ளைச் சுவர்களுக்குள்ளும் தனித்தனி இருக்கை இருந்தது. 1833இல் பிஷப் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டனர்! பின்னாளில் அவர்களில் பலரை அரவணைத்தது லுத்தரன் மிஷன். கல்லுருவை உடைத்தோம் என்று கர்வம் கொண்டோமே, கண்ணுக்குத் தெரியாத அந்த உருவத்துக்கு எத்தனை தலைமுறையாக மாலை சூட்டி வந்திருக்கிறோம்!

பழங்கதையா இது? அன்று எம் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. பெரியப்பா எழுதியது. பெண் பார்த்திருக்கிறாராம். "நம் சபை, நம் இனம், குறை சொல்ல ஒன்றுமில்லை" என்று முடித்திருந்தார். வந்து ஐந்து நாளாகியும் பதில் எழுதவில்லை. பகுத்தறிவு மேடையில் முழங்குவோம். பெரியப்பாவுக்கு மட்டும் மௌனம்.

அம்மையார் மெழுகுவர்த்தி ஏற்றக் காற்று விடவில்லை. கையைக் குவித்து மறைத்துப் பிடித்தோம்; பற்றிக்கொண்டது. நாம் வணங்கவில்லை, வணங்கும்படி அவரும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில், அரியலூர்ப் பேருந்து நிலையத்தில் பெரியப்பாவுக்கு நான்கு வரி எழுதினோம். பெண்ணைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த "நம் இனம்" என்னும் சொல்லுக்காகவே மறுக்கிறோம் என்று எழுதினோம். இதை எழுதும்வரை பதில் வரவில்லை.