இனம் என்னும் சொல்

நமது மொழியில் ‘இனம்’ என்ற சொல் தாங்கும் சுமை பெரிது. விலங்கியல் நூலிற் காகமும் குயிலும் இரு வேறு இனங்கள். கலியாணப் பந்தலிலே கூடுவோர் இனசனம். 1958இலும் 1983இலும் இத்தீவில் தமிழர் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டபோது அதற்கும் இனக்கலவரம் என்றே பெயர் வந்தது. சொல் ஒன்றாயிருப்பதாற் பொருளும் ஒன்றே என எண்ணுவோர் பலர். படித்த நண்பர் ஒருவர், “எங்கள் இரத்தமே வேறு” என்று எம்மிடம் உறுதியாகக் கூறினார். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. ஆகவே விஞ்ஞானம் என்ன கூறுகிறது என்று பார்ப்பது நமது கடமையாகிறது.

ஓர் உயிர்க்கூட்டத்தைப் பரம்பரையலகுகளின் பொதுக் களஞ்சியமாகக் கொண்டு ஆராய்வது குடித்தொகைப் பிறப்புரிமையியல். தலைமுறைதோறும் அக்களஞ்சியத்திற் சில பெருகும், சில அருகும். ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து, நெடுங்காலம் கலப்பின்றி வாழ்ந்து, தம்முள் இணைந்து பெருக இயலாத நிலையை எய்துமாயின் அவை இரு இனங்களாகும். 1942இல் ஏர்ண்ஸ்ட் மயர் வகுத்த இவ்வரைவிலக்கணம் இன்றும் பெருவழக்கிலுள்ளது.

கலபகோஸ் தீவுக்கூட்டத்திலுள்ள டாஃப்னி மேஜர் என்னும் சிறு தீவில், டார்வினின் பெயரால் வழங்கும் குருவிகளை 1973 முதல் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர் பீற்றர் கிராண்ட், றோஸ்மேரி கிராண்ட் தம்பதியர். 1977இல் வறட்சி வந்தது. சிறு விதைகள் தீர்ந்தன. நெருஞ்சி இனத்து வன்விதையை உடைக்கவல்ல பெரிய சொண்டுடையவையே பெரிதும் பிழைத்தன. 1983இற் பெருமழை பெய்தது. பின்னர் சிறு விதைகள் மலிந்தன; சிறு சொண்டு மேலோங்கிற்று. இவற்றுள் எது உயர்ந்த சாதி என்று எவர் தீர்ப்புக் கூறுவார்?

1981இல் ஓர் அந்நியக் குருவி அத்தீவை வந்தடைந்தது. அதன் பிறப்பிடம் 100 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள எஸ்பஞோலாத் தீவு. அது உள்ளூர்ப் பேட்டோடு இணைந்தது. சில தலைமுறைக்குள் அதன் வழித்தோன்றல்கள் தம்முள் மட்டுமே இணையலாயின. அவற்றின் சொண்டு வேறு. தந்தையிடமிருந்து கற்ற பாட்டும் வேறு. 2017இல் வெளியான ஆய்வு இதனை உறுதிசெய்தது. தனித்ததொரு பரம்பரை தோன்றியது. அது தோன்றியது கலப்பினால்! தூய்மை பேசுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மனிதரின் நிலை என்ன? மனிதரிடையேயுள்ள பரம்பரை வேறுபாட்டில் ஏறத்தாழ 85 வீதம் ஒவ்வொரு மக்கட்கூட்டத்தினுள்ளேயே அடங்கும் என்று 1972இல் றிச்சர்ட் லெவொன்டின் கணக்கிட்டார். நமக்கும் நமது பக்கத்து வீட்டாருக்கும் இடையிலேயே வேறுபாட்டின் பெரும்பகுதி கிடக்கிறது. குருவிகளைப் பாட்டுப் பிரித்துவைத்தது. மனிதரோ அயலவர் மொழியையும் கற்பர், அவரோடு மணம் செய்வர், பிள்ளை பெறுவர். உலக மாந்தர் யாவரும் விலங்கியற் பொருளில் ஓரினமே.

அவ்வாறாயின் நாம் தமிழர் என்பது பொய்யா? அன்று. நமது மொழி மெய், வரலாறு மெய், பட்ட துயரம் மெய். இவற்றினின்றும் எழும் உரிமைக் குரலும் மெய். அக்குரலுக்கு இரத்தத்தின் சான்று வேண்டியதில்லை. பரம்பரையலகு வேறாயிருப்பினும் ஒருவனது உரிமை குறையாது. ஒன்றாயிருப்பினும் அவனது மொழியைப் பறிக்க எவருக்கும் உரிமை பிறவாது. நீதியை நீதியென்றே கேட்போம்.