தொண்ணூற்றொன்பதில் ஒன்று

கபிலரின் குறிஞ்சிப்பாட்டை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். அருவியாடிய தலைவியும் தோழியும் பறித்துப் பாறையில் குவிக்கும் 99 பூக்களின் பெயர்களையும் நூலைப் பாராமல் ஒப்பிப்பேன். மாணவர்கள் வியப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு, பொதுத்தமிழ் வகுப்புக்கு வந்த தாவரவியல் மாணவன் ஒருவன் எழுந்து, "இதுல எத்தனை பூவை நீங்க பார்த்திருக்கீங்க ஐயா?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன். ஆம்பல், குவளை, தாமரை, முல்லை... பதினைந்தைத் தாண்டவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அவன் ஏற்காட்டு வட்டத்து நாகலூர்க்காரன். சேர்வராயன் மலையின் மலையாளி இனத்தவன். பெயரைக் கொண்டு இவர்களைக் கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுவழிச் செய்தி. சென்ற ஆண்டு பங்குனிக் கடைசியில் தொலைபேசியில் அழைத்தான். "காப்பி பூத்திருக்கு ஐயா. மூணு நாள்தான் நிற்கும். உடனே வாங்க."

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏரிக்கரையில் இறங்கினேன். அருகிலுள்ள அண்ணா பூங்காவில் மே மாதக் கோடை விழாவின் மலர்க்கண்காட்சிக்காகத் தொட்டிகளில் நாற்றுகள் வளர்ந்துகொண்டிருந்தன. விழா நாளைக் கணக்கிட்டு விதைத்துப் பூக்கவைப்பதும் ஒரு கலைதான். பிறகு இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டத்துக்குச் சென்றோம். 1963இல் தொடங்கப்பட்ட ஆர்க்கிட் காப்பகம் அங்கே இருக்கிறது. மேகாலயக் காசி மலையின் பூச்சியுண்ணும் குடுவைத் தாவரத்தையும் பார்த்தேன். இந்த மலையின் பெயரையே தாங்கிய 'வெர்னோனியா ஷெவராயென்சிஸ்' என்ற மரத்தைப் பற்றி அவன் சொன்னான். இம்மலைக்கே உரிய மரத்தின் பெயரை இலத்தீனில்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

பிற்பகலில் நாகலூர் சென்றோம். தோட்டத்துக்குள் நுழையுமுன்பே மல்லிகையை ஒத்த மணம் வந்து சேர்ந்தது. சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடிகளுக்கிடையே, ஒவ்வொரு கிளையிலும் கணுவுக்குக் கணு வெண்பூக் கொத்துகள். தேனீக்களின் இரைச்சல். மாதக்கணக்கில் வறண்டு உறங்கிக் கிடக்கும் மொட்டு, ஒரு நல்ல கோடை மழை விழுந்த பத்து நாளுக்குள் விரிந்துவிடும் என்றான். மழை பொய்த்தால் அவ்வாண்டு விளைச்சலும் குறையும். எத்தியோப்பிய மேட்டுநிலத்துச் செடி இது. 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் இம்மலைக்கு வந்தது.

"கபிலர் பட்டியலில் இதற்கு இடமில்லை" என்றேன்.

"ஆனா இதோட சொந்தக்காரன் இருக்கான் ஐயா. வெட்சி. ரெண்டும் ரூபியேசியே குடும்பம். பூவைப் பாருங்க, அதே மாதிரி நீண்ட குழல்."

வெட்சி! ஆநிரை கவரச் செல்லும் மறவர் சூடும் பூ. அதைக் குறிஞ்சியின் புறத்திணையாகத் தொல்காப்பியம் வைத்திருப்பதை எத்தனை முறை விளக்கியிருப்பேன்!

"அதை எந்தக் காட்டில் பார்க்கலாம்?"

அவன் சற்றுத் தயங்கினான். "நம்ம காலேஜ் வாசல்லயே இருக்குங்க ஐயா. இட்லிப்பூ."

வெட்சியே இட்லிப்பூ என்று எங்கோ படித்த நினைவு உண்டு. கண்ணெதிரே நின்ற செடியோடு அதைப் பொருத்திப் பார்த்ததே இல்லை. வேலியாக நட்டு, தலை நீளும்போதெல்லாம் கத்தரித்துவிடும் செடி. நாள்தோறும் என் ஸ்கூட்டரை அதையொட்டித்தான் நிறுத்துகிறேன்.

ஜூலையில் கல்லூரி திறந்ததும் முதல் பாடம் வெட்சித்திணை. மாணவர்களை வாயிலுக்கு அழைத்துச் சென்றேன். செக்கச் செவேலென்று கொத்தாகப் பூத்திருந்தது. ஒரு பெண் பூவைப் பறித்து, சிறுவயதில் செய்ததுபோல் குழலின் அடியை உறிஞ்சி, "தேன் இருக்குங்க ஐயா" என்றாள். நானும் ஒன்றைப் பறித்தேன்.

இப்போது பதினாறு.