வண்டியை வெளியே நிறுத்துங்கள்

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே வாளையார் சோதனைச்சாவடியைத் தாண்டினால் மலை விலகி வழிவிடுகிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான பாலக்காட்டுக் கணவாய். தமிழ்நாட்டு வெயிலும் வறண்ட காற்றும் இந்த வழியாகத்தான் கேரளத்துக்குள் நுழைகின்றன. தென்னையும் காயலுமாகக் கேரளத்தைக் கற்பனை செய்துகொண்டு வருகிறவரை இங்கே முதலில் வரவேற்பது கரும்பனைதான். கோடையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். மாநிலத்தின் மற்ற ஊர்க்காரர்கள் இந்த ஊரைப் பற்றிப் பேசினால் வெயிலைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த கேரவன் வண்டியில் ஊர் சுற்றும் பழக்கம் இப்போது இங்கேயும் வந்துவிட்டது. கேரள அரசு 2021இல் இதற்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டு இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து அப்படி இடுக்கி மலைக்குப் போகிறவர்கள் பாலக்காட்டை ஒரு டீக்கடை நிறுத்தமாகவே பார்க்கிறார்கள். ஒரு பகல் பொழுதை ஒதுக்கினால் 600 ஆண்டுச் சரித்திரத்தைப் பார்த்துவிடலாம்.

காலையில் கல்பாத்தி. தேர் ஓடுகிற தெரு என்பதால் வேனும் ஓடும். இருந்தாலும் வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு நடப்பதுதான் முறை. இரண்டு பக்கமும் ஒரே வரிசையாக, ஒரு வீட்டுச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராக, ஓட்டுக் கூரையோடு நீளும் அக்ரஹாரம் இது. இங்குள்ளவர்கள் 'கிராமம்' என்பார்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கடைசியில் கிணறு. தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து மலையாள மழைக்காகக் கூரைச் சரிவை மட்டும் கூட்டியதுபோல் இருக்கிறது. பாலக்காட்டு ராஜாவுக்கும் நம்பூதிரிகளுக்கும் பிணக்கு வந்ததால், கோயில் பூஜைக்குக் காவிரிக்கரையிலிருந்து தமிழ்ப் பிராமணர்களை வரவழைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

தெருக்கோடியில், ஆற்றங்கரையில் விஸ்வநாத சுவாமி கோயில். தெரு மட்டத்திலிருந்து படி இறங்கித்தான் போகவேண்டும். பள்ளத்தில் இருப்பதால் மலையாளத்தில் 'குண்டம்பலம்' என்றும் பெயர். சேகரிபுரத்தைச் சேர்ந்த லட்சுமி அம்மாள் என்ற விதவை காசிக்குப் போய் பாணலிங்கம் கொண்டுவந்தார். கோயில் கட்ட 1,320 பொற்காசுகளை அரசர் இட்டிக்கோம்பி அச்சனிடம் ஒப்படைத்தார். கோயிலின் கல்வெட்டையொட்டி இதற்குச் சொல்லப்படும் காலம் கொல்லம் ஆண்டு 600, அதாவது 1425 வாக்கில். கோயில் எழுப்பியவர்கள் என்று பெரும்பாலும் அரசர்களும் தளபதிகளும் கல்வெட்டுகளில் வரிசை கட்டி நிற்க, இங்கே ஒரு தனிப்பெண்ணின் பெயர் நின்றுவிட்டது. 'காசியில் பாதி கல்பாத்தி' என்று ஊரார் பெருமைப்படுவதைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

நவம்பர் நடுவில் வரும் தேர்த்திருவிழாவில் புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, சாத்தபுரம் கோயில்களின் தேர்கள் தேரோட்டத்தின் மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் கூடும். வடத்தை மக்கள் இழுக்க, பின்னாலிருந்து யானை நெற்றியால் தள்ளும். அதே பருவத்தில்தான் மாயவரத்தில் ஐப்பசிக் கடைமுழுக்கு. இந்தப் பொருத்தம் தற்செயலானது அல்ல. அங்குள்ள மாயூரநாதர் விழாவை மனத்தில் வைத்தே கல்பாத்தி விழாவை அமைத்தார்கள் என்பது ஊர் வழக்கு. விழாவையொட்டிச் சங்கீதக் கச்சேரிகளும் உண்டு. பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் கற்றதும் இதே சாத்தபுரத்தின் சுப்பய்யரிடம்தான்.

இதே தெருவுக்கு இன்னொரு சரித்திரமும் இருக்கிறது. சுற்றுலாக் கையேடுகளில் அது இடம்பெறுவது அரிது. பாலக்காடு அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலைகள், கிணறுகள் எல்லாச் சாதியினருக்கும் உரியவை என்றது. அரசும் அதை ஆணையாக வெளியிட்டது. அந்த நவம்பரில் தேர்த்திருவிழாவின்போது கல்பாத்தித் தெருவுக்குள் வந்த, தீண்டாமைக்கு உள்ளான ஈழவர் சாதியினர் தாக்கப்பட்டார்கள். வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டு. ஆரிய சமாஜம் இதில் இறங்கி ஈழவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சட்டமன்றம் வரை விவகாரம் போயிற்று. இன்று யாரும் கேள்வி இல்லாமல் நடக்கிற இந்தத் தெருவில் நடப்பதே ஒரு காலத்தில் போராட்டமாக இருந்தது. திண்ணையின் அழகை ரசிக்கிறவர் இதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

உச்சி வெயில் ஏறுவதற்குள் கோட்டை. ஊருக்கு நடுவில் அகழி சூழ்ந்த சதுரக் கருங்கல் கோட்டை. ஊர் வாயில் 'திப்பு கோட்டை'. ஆனால் 1766இல் இதைக் கட்டியது திப்புவின் தந்தை ஹைதர் அலி. கோழிக்கோட்டு சாமூதிரியின் படையெடுப்பைச் சமாளிக்க 1757இல் பாலக்காட்டு அச்சன் ஹைதரிடம் உதவி கேட்டார். வந்த உதவி பிறகு திரும்பிப் போகவில்லை! கோயம்புத்தூரையும் மேற்குக் கடற்கரையையும் இணைக்கும் வழி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் மலபார். அதனால் கோட்டையும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1768இல் ஆங்கிலேயக் கர்னல் வுட் பிடித்தார். சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1783இல் கர்னல் ஃபுல்லர்டன் 11 நாள் முற்றுகையிட்டுப் பிடித்தார், அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. 1790இல் கர்னல் ஸ்டூவர்ட் கைப்பற்றியபின் ஆங்கிலேயர் விடவில்லை. திப்புவுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போருக்கு இது ஒரு தளமாயிற்று. வெகுகாலம் உள்ளே கிளைச்சிறை இருந்தது. ஒரு ஆஞ்சநேயர் சன்னிதியும் உண்டு. இன்று தொல்லியல் துறை பராமரிக்கிறது. புல்வெளியும் நடைபாதையும் ஒழுங்காக இருக்கின்றன.

பொழுது மீதி இருந்தால் ஜைனிமேட்டில் சந்திரநாதர் கோயில். அலங்காரமே இல்லாத கருங்கல் சுவர்கள். கேரளத்தில் எஞ்சியிருக்கும் மிகச் சில சமணக் கோயில்களில் ஒன்று. குமாரன் ஆசான் 'வீணபூவு' கவிதையை 1907இல் எழுதியது இந்தப் பகுதியிலிருந்த ஒரு சமணர் வீட்டில்தான். மலம்புழை அணைக்கும் போகலாம். 1955இல் அதைத் திறந்துவைத்தவர் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர். கல்பாத்திப் புழையில் சேரும் ஆறுகளில் ஒன்றைத்தான் அங்கே தடுத்திருக்கிறார்கள்.

கோட்டையையும் கல்பாத்தியையும் ஒரே நாளில் பார்த்தால் ஒரு முரண் உறுத்தும். யாரும் வசிக்காத கோட்டைக்கு மத்திய அரசின் பாதுகாப்பும் செலவும் உண்டு. ஆட்கள் வசிக்கிற, விளக்கு வைக்கிற, தேர் இழுக்கிற கல்பாத்திக்கு மாநில அரசு மரபுக் கிராமம் என்று பட்டம் கொடுத்தது. அதோடு கட்டுப்பாடுகளும் வந்தன. ஓடு ஒழுகினாலும் உத்திரம் இற்றாலும் வீட்டைத் திருத்திக் கட்ட அனுமதி வாங்குவது பெரும்பாடு என்பது குடியிருப்போரின் நெடுநாள் குறை. பிள்ளைகள் சென்னை, மும்பை, வெளிநாடு என்று போய்விட்டார்கள். அப்பளமும் 'கொண்டாட்டம்' என்கிற வற்றலும் போட்டு விற்கிற வயதானவர்கள் மிச்சம் இருக்கிறார்கள். சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சில இடத்தில் ஓட்டு வரிசைக்கு நடுவே கான்கிரீட் முளைத்துவிட்டது. முகப்பை மாற்றாதே என்று சொல்ல அரசுக்கு உரிமை உண்டு. அப்படியானால் அந்த முகப்பைத் தாங்கும் மரத்துக்கும் ஓட்டுக்கும் தச்சுக் கூலிக்கும் ஒரு பங்கை அரசே கொடுக்கவேண்டும், அனுமதிக்கு நாள் குறித்துப் பதில் சொல்லவேண்டும். கேரவன் பூங்காவுக்குக் கொள்கை வகுத்த சுற்றுலாத் துறை அடுத்து இதற்கும் ஒன்று வகுக்கட்டும்.